பேரேட்டில் எழுதப்பட்ட குழந்தைகள்

மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையைக் கண்டால் நம்மவர் இரண்டு விதமாகத் தேறுதல் கூறுவர். "எல்லாம் அவன் தலையெழுத்து" என்பர் சிலர். "அவன் அப்பனும் ஐந்து வயதில்தான் வாய் திறந்தான், தானாக வந்துவிடும்" என்பர் வேறு சிலர். முன்னது துயர மொழி. பின்னது நம்பிக்கை மொழி. ஆயினும் இரண்டையும் கேட்ட தாய் வீட்டிற்குத் திரும்பிச் செய்வது ஒன்றே. அதாவது, ஒன்றும் செய்யாதிருத்தல். குழந்தையின் முதல் ஐந்தாண்டுகள் இங்ஙனம் கழிந்துவிடுகின்றன.

மேல்நாட்டார் இவ்விஷயத்தில் நம்மினும் மேம்பட்டிருந்தனர் என்று நேயர்கள் எண்ண வேண்டா. அவர்கள் தலையெழுத்து என்று வாயால் சொல்லவில்லை. பேரேட்டில் எழுதி வைத்தனர். மூடன் என்றோ, மந்தபுத்தியினள் என்றோ, திருத்த இயலாத பிறவி என்றோ ஒரு வைத்தியரின் கையெழுத்தோடு ஒரு சொல் ஏறிவிட்டால், அதற்குப்பின் அக்குழந்தையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய கடமை ஒருவருக்கும் இல்லாமற் போயிற்று. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் என்போன்ற கிராணிக்கு, ஏட்டில் ஏறிய எழுத்திற்கு எத்துணை அதிகாரம் உண்டென்பதை யாரும் விளக்க வேண்டுவதில்லை. பெயருக்கு எதிரே ஒரு கோடு இழுத்தால் ஒருவனுடைய அன்றையக் கூலி போயிற்று. ஒரு சொல்லால் ஓர் ஆயுளே போன கதைகளும், அச்சொல்லை அழித்தெழுதத் துணிந்த சிலருடைய கதைகளும் சரித்திரத்தில் உள. அவற்றைச் சிறிது கூறுவோம். பழைய ஏடுகளில் கண்ட வன்சொற்களை ஆங்காங்கே எடுத்தாள நேர்வதை நேயர்கள் பொறுத்தருள்க. அவை எம்முடைய சொற்கள் அல்ல.

1800-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தென் பிரான்சில் அவேரோன் என்னும் பகுதியிலுள்ள ஸான் ஸெர்னான் என்ற ஊரில் ஒரு சிறுவன் பிடிபட்டான். பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதிருக்கலாம். காட்டில் தனித்துத் திரிந்தவன், பேச்சு அறியான், உடம்பெங்கும் தழும்புகள். அவ்வாண்டிலேயே அவனைப் பாரிஸ் நகரத்திலுள்ள செவிடர் ஊமையர் பள்ளிக்குக் கொண்டுவந்தனர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சில நாட்களில் கலைந்தது. மனநோயாளரிடத்து இரக்கம் காட்டியவர் என்று உலகம் புகழ்ந்த பினேல் என்னும் பெரு வைத்தியர் அவனைப் பரிசோதித்து, இவன் பிறவி மூடன், இவனைத் திருத்துவதற்கில்லை என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை மறுத்தவர் அப்பள்ளியின் இளம் வைத்தியர் இட்டார் என்பவர். அப்போது அவருக்கு வயது 26. மூடனாயிருந்ததால் கைவிடப்பட்டான் என்கிறீர்கள், கைவிடப்பட்டதால் மூடன்போல் ஆனான் என்று ஏன் கொள்ளலாகாது என்பது அவருடைய வாதம். இந்தக் கேள்வி ஒன்றுதான் பின்வந்த இருநூறு ஆண்டுச் சரித்திரத்திற்கு வித்து.

சிறுவனுக்கு விக்டர் என்று பெயரிட்டனர். இட்டார் அவனுக்கு வெந்நீர்க் குளியலால் சூடு குளிர் உணரக் கற்பித்தார். ஓசைகளைப் பிரித்தறியப் பழக்கினார். உலோகத்தால் வெட்டிய எழுத்துக்களைக் கையில் கொடுத்தார். பால் என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் நான்கு எழுத்து. அவற்றை வரிசையாக அடுக்கினால் பால் கிடைக்கும் என்று விக்டர் கற்றுக்கொண்டான். ஒரு நாள் மாலை, வழக்கமாகத் தனக்குப் பால் கொடுக்கும் ஒரு வீட்டிற்குச் செல்லுகையில், யாரும் சொல்லாமலேயே அந்நான்கு எழுத்துக்களையும் சட்டைப்பையில் எடுத்துச் சென்று, அவ்வீட்டு மேசைமேல் பரப்பி வைத்தான். பேசாத பிள்ளை எழுத்தால் பால் கேட்டது! திருத்த இயலாதவன் என்று பேரேட்டில் எழுதியவர்கள் இதனைக் கண்டிருந்தால் என் செய்திருப்பரோ!

இட்டார் ஐந்தாண்டு உழைத்தார். 1801-இலும் 1806-இலும் இரண்டு அறிக்கைகள் எழுதினார். விக்டர் பல சொற்களைப் படிக்கவும், சிலவற்றை எழுதவும் கற்றான். அன்பும் நன்றியும் அறிந்தான். காரணமின்றித் தண்டித்தபோது எதிர்த்துக் கடித்தான், அதனைக் கண்டு இட்டார் நீதி உணர்ச்சி பிறந்ததென்று மகிழ்ந்தார். ஆனால் பேச்சு வரவில்லை. சிறு பருவத்தில் பழகாத நாவிற்கும் செவிக்கும் பன்னிரண்டு வயதிற்குமேல் கொடுத்த பயிற்சி போதவில்லை. இட்டார் சோர்ந்து அவ்வேலையைக் கைவிட்டார்.

சரித்திர நூல்கள் இட்டாரின் பெயரைப் பெரிதாக அச்சிடுகின்றன. எமக்கோ, விக்டரை வளர்த்த கெரேன் என்னும் அம்மையாரின் பெயரே முன்னிற்கத் தக்கதாகத் தோன்றுகிறது. சோறு கொடுத்தவரும், உலாவ அழைத்துச் சென்றவரும், அவன் அழுதபோது கன்னத்தைத் துடைத்தவரும் அவரே. அவருடைய கணவர் இறந்த பின்னும், மேசையைச் சித்தம் செய்யும் வேளையில் விக்டர் அவருக்குரிய தட்டைப் பழக்கத்தால் வைத்துவிட்டான். அதைக் கண்டு அம்மையார் கலங்கக் கண்ட அவன், தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான். அதற்குப்பின் ஒருபோதும் வைத்திலன். மூடன் செய்யும் செயலா இது? ஆண்டொன்றுக்கு 150 பிராங்கு அரசாங்கம் கொடுக்க, 1828-இல் விக்டர் இறக்கும் வரையில் அம்மையாரே அவனைக் காத்தார். வைத்தியர் ஐந்தாண்டு, அம்மையார் இருபத்தேழு ஆண்டு.

இட்டாரின் முதுமையில் அவரிடம் வந்து சேர்ந்தவர் செகேன் என்னும் இளைஞர். 1837-இல் இட்டாரின் மேற்பார்வையில் ஒரு சிறுவனுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இட்டார் காலமானார். செகேனுடைய முறை வெகு எளிது. அறிவைத் தேடி மூளைக்குள் நுழையாமல் முதலில் தசையைப் பழக்கினார், பிறகு புலன்களை, அதன் பின்னரே எண்ணங்களை. நிற்க மாட்டாத குழந்தையை ஊஞ்சலில் அமர்த்தி, எதிரே நாட்டிய பலகையில் பாதங்கள் பட்டு உந்தும்படி ஆட்டினார். பற்றத் தெரியாத கையை ஏணிப்படியில் வைத்து அதன்மேல் தம் கையை வைத்தழுத்தினார். பொத்தான் மாட்டுதலும் கயிறு கோத்தலும் அவருக்குப் பாடங்கள். இன்று பெரிய மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சை அறையுள் நுழைவோர் காணும் ஊஞ்சலும் ஏணியும் பந்தும் இவ்வழி வந்தவையே. 1846-இல் அவர் எழுதிய பெருநூல் வெளிவந்தது. பிரான்சில் அரசியல் மாறவே அவர் அமெரிக்கா சென்று 1880-இல் நியூயார்க்கில் இறந்தார். அவர் நூலைத் தாய்நாட்டார் மறந்தனர்.

மறந்த நூலைத் தேடியெடுத்தவர் இத்தாலியப் பெண்மணி ஒருவர். மரியா மாண்டிசோரி என்றால் இன்று நகரத்துப் பணக்காரர் தம் குழந்தைகளைச் சேர்க்கும் பாலர் பள்ளியின் பெயர்ப்பலகை நினைவுக்கு வரும். கட்டணம் கேட்டால் தலைசுற்றும் பள்ளிகள் அவை! அவ்வம்மையாரின் தொடக்கமோ, ரோமாபுரியின் பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருந்த குழந்தைகளிடத்தில். 1896-இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், சர்வகலாசாலையின் மனநோய்ப் பகுதியில் துணை வைத்தியராக இருந்தார். அவ்விடுதிக் குழந்தைகள் உணவு முடிந்தபின் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காட்டி, அங்கிருந்த வேலைக்காரி அருவருப்போடு பேசினாள் என்றும், அந்த வெற்று அறையில் கையால் தொட்டு விளையாட அத்துணுக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லாததை மாண்டிசோரி அம்மையார் கண்டார் என்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். வயிற்றுப் பசி அன்று, கைப்பசி.

1900-இல் ரோமாபுரியில் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. இரண்டாண்டு அதனை நடத்தியோரில் அவர் ஒருவர். பகல் முழுதும் கற்பித்து இரவில் குறிப்பெழுதுவார். அவர்தம் மாணவரிற் சிலர் பொதுப் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேறினர். ஊரார் வியந்தனர், அவரோ, வளர்ச்சி குன்றியோர் இவ்வளவு முன்னேறக் கூடுமாயின், நல்ல நிலையிலுள்ள குழந்தைகளை இவ்வளவில் நிறுத்தி வைத்திருக்கும் குறை யாது என்று கேட்டார். பின்னர், இட்டார் செகேன் இருவருடைய பிரெஞ்சு நூல்களையும் முதலிலிருந்து கடைசி வரை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு சொல்லின் கனத்தையும் உணர அதுவே வழி என்பது அவர் எண்ணம். செகேனின் நூல் 600 பக்கத்திற்கு மேல். நகல் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு இச்செய்தி தனிமகிழ்ச்சி தருகிறது என்பதை மறைப்பானேன்!

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பாகிய ஸான் லொரென்ஸோவில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. திறந்ததற்குக் காரணம் தர்ம சிந்தை என்று நினைப்போர் ஏமாறுவர். அங்கு ஒரு கட்டடக் கம்பெனியார் பழைய வீடுகளைச் சீர்ப்படுத்தித் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டிருந்தனர். தாய் தந்தையர் வேலைக்குப் போனபின், பள்ளி வயது வராத சிறுவர் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் கிறுக்கிப் பாழாக்கினர். ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் செலவைக் கணக்கிட்ட கம்பெனியார், அச்செலவில் ஓர் ஆசிரியையை வைத்து இச்சிறுவரை ஓரறையில் சேர்த்துவைப்பது இலாபம் என்று கண்டனர். குழந்தைகளைச் சுத்தமாக அனுப்புவதும், வாரம் ஒருமுறை தாய் வந்து ஆசிரியையைக் காண்பதும் விதிகள். வளர்ச்சி குன்றியோருக்கென்று செகேன் வழியில் செய்த மரத்துண்டுகளையும் எழுத்துக்களையுமே அம்மையார் இக்குழந்தைகளுக்குக் கொடுத்தார். இதன் பின் நடந்தது உலகறிந்த கதை. 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்ற வந்ததும், 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் புகவே எதிரி நாட்டவராகக் கருதப்பட்டுக் கட்டுப்பாட்டில் இருந்ததும், அவர் மகன் சில திங்கள் காவலில் வைக்கப்பட்டதும், இந்தியாவின் பல பாகங்களிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கு 1946 வரை கற்பித்ததும் தமிழர் அறிய வேண்டிய செய்திகள். சிசுவின் மனம் சூழ்நிலையை உறிஞ்சிக் கொள்வதைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1949-இல் சென்னையிலேதான் முதலில் வெளிவந்தது.

இவ்வளவு நடந்த பின்னும் பேரேட்டுச் சொல் அழிந்ததா? இல்லை, முன்னினும் கனத்தது. 1905-இல் பாரிஸில் பினே என்பவர் குழந்தைகளின் அறிவை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார். பள்ளியில் பின்தங்குவோரைக் கண்டறிந்து தனி உதவி கொடுப்பதே அவர் கருத்து. ஒருவனுடைய அறிவு ஒரு நிலையான அளவு, அதைக் கூட்ட முடியாது என்று பேசியோரை அவர் 1909-இல் வன்மையாகக் கண்டித்தும் எழுதினார். 1911-இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய அளவுகோல் கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது அக்கண்டனம் கூடப் போகவில்லை. அங்கு, பிறக்கும்போது வகுத்த அறிவு இறக்கும்வரை மாறாதது என்பது சாஸ்திரமாயிற்று. மந்தபுத்தி என்று எழுதப்பட்டோருக்குப் பிள்ளைப்பேறு இல்லாதபடி பலவந்தமாக அறுவை செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1927-இல் தீர்ப்பும் அளித்தது. ஆகையால் இனி நாம் கூறப்போகும் நிகழ்ச்சியில் ஓர் எண்ணுக்கு இருந்த வலிமையை நேயர்கள் மனத்தில் இருத்துக.

அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில், மிஸிஸிப்பி நதிக்கரையில், டாவன்போர்ட் என்பது ஒரு நகரம். உள்நாட்டு யுத்தத்தில் மாண்ட போர்வீரரின் பிள்ளைகளுக்காக அங்கு ஏற்பட்ட அனாதை விடுதி, பிற்காலத்தில் எல்லா ஆதரவற்ற குழந்தைகளையும் ஏற்றது. 1930-களில் ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்னும் மனநூல் அறிஞர், மாகாண அரசாங்கத்தின் சார்பில் அவ்விடுதிக் குழந்தைகளைப் பரிசோதிக்க அமர்த்தப்பட்டார். ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்கள் ஓர் அறையில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. நோய் தொற்றாதிருக்கத் தொட்டில்களைச் சுற்றி வெள்ளைத் துணி. அதனால் ஒரு சிசு மற்றொன்றைக் காண்பதில்லை. விட்டத்தைப் பார்த்துக் கிடக்கும். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் வேலைமிகுந்த தாதியர் வருவர், போவர். விளையாட்டுப் பொருள் இல்லை. இரண்டு வயதானால் 30, 35 பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு மாற்றுவர். அங்கு ஒரே ஒரு மேற்பார்வைக்காரியும், துணைக்கு அவ்விடுதியிலேயே வளர்ந்த சிறுமிகள் மூவர் நால்வரும். உணவும் உடையும் சுத்தமும் குறைவின்றி இருந்தன என்பதைக் கவனிக்க. கொடியவர் ஒருவரும் அங்கில்லை. கணக்கில் பிழையில்லை, குழந்தைகள்தாம் வாடின.

அங்கிருந்த இரண்டு பெண் சிசுக்களை ஸ்கீல்ஸ் பரிசோதித்தார். ஒன்றுக்கு வயது 13 மாதம், மற்றொன்றுக்கு 16 மாதம். இரண்டும் ஆறேழு மாதத்துச் சிசுவின் நிலையிலேயே இருந்தன. மெலிந்து, தசை தளர்ந்து, முன்னும் பின்னும் அசைந்தபடி முனகிக்கொண்டிருக்கும். வயதிற்கேற்ற வளர்ச்சியை 100 என்று வைத்துக் கணக்கிடும் அறிவெண் முறையில் அவை பெற்றவை 35-உம் 46-உம். தத்துக் கொடுக்கத் தகுதியற்றவை என்று முடிவு கட்டி, வளர்ச்சி குன்றிய பெரியோரை அடைத்து வைக்கும் வேறொரு விடுதிக்கு அவற்றை அனுப்பினர். விட்டது தொல்லை.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அவ்விடுதிக்குச் சென்ற ஸ்கீல்ஸ், இரண்டு சிறுமிகள் சிரித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடுவதைக் கண்டார். பெரியோர் விளையாட்டுக்கு அழைத்தால் ஓடிவந்து கலந்துகொண்டனர். அடையாளம் தெரியவில்லை. விசாரித்தால், அவ்விருவரே! தாம் காண்பதைத் தாமே நம்பாமல் மறுபடியும் பரிசோதித்தார். எண்கள் 77-உம் 87-உமாக உயர்ந்திருந்தன. மூன்றரை வயதை ஒட்டி அளந்தபோது இருவரும் 95-க்கும் 93-க்கும் வந்துவிட்டனர்.

நடந்த அற்புதம் யாது? மருந்தில்லை, இயந்திரமில்லை. அச்சிறுமியர் வைக்கப்பட்டிருந்த கூடத்தில் 18 முதல் 50 வயது வரையிலான பெண்கள் இருந்தனர். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளையின் அறிவுடையோர் என்று அவர்களையும் பேரேடு கூறியது. குழந்தையைக் கண்டறியாத அப்பெண்கள் இவ்விரண்டையும் மார்போடணைத்துக் கொண்டனர். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருத்தி தாயாகவே ஆனாள், மற்றவர் அத்தைமாராயினர். பகல் முழுதும் பேச்சு, பாட்டு, கைதட்டு. அங்கு வேலைபார்த்த பெண்களோ தம் ஓய்வு நாளில் குழந்தைகளைக் கடைத்தெருவிற்கு அழைத்துச் சென்றனர். பொம்மையும் படப்புத்தகமும் வாங்கினர். திருத்த முடியாதவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்கள், திருத்த முடியாதவை என்று ஒதுக்கிய குழந்தைகளைத் திருத்திவிட்டனர். சாஸ்திரத்தின் மேல் காலம் செய்த பரிகாசம் இதனினும் பெரிது உண்டோ?

ஸ்கீல்ஸ் துணிந்தவர். மேலும் சில குழந்தைகளை அவ்வாறே அனுப்ப அனுமதி கேட்டார். அனாதைக் குழந்தையை மந்தபுத்தியினர் விடுதிக்கு அனுப்பி அறிவு வளர்ப்பதா என்று அதிகாரிகள் திகைத்திருப்பர். அதற்கு அவர் கண்ட வழி ஒரு கிராணியின் மூளையில் உதிக்கத் தக்கது: அக்குழந்தைகளை அவ்விடுதியின் பேரேட்டில் சேர்க்காமல், விருந்தினர் என்று மட்டும் குறித்து, பெயரை அனாதை விடுதியின் ஏட்டிலேயே இருக்கச் செய்தார். ஆகவே அந்தக் கொடிய சொல் அவர்கள் மீது ஏறவில்லை. மூன்று வயதிற்குட்பட்ட 13 குழந்தைகள் இங்ஙனம் விருந்தினராயினர். அவர்களுடைய சராசரி எண் 64. பெண்களிடத்து வளர்ந்தபின் ஏறக்குறைய 92. பதின்மூவரில் பதினொருவர் தத்தெடுக்கப்பட்டு வீடு சேர்ந்தனர்.

அனாதை விடுதியிலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளின் பழைய பதிவுகளைப் பிறகு எடுத்துப் பார்த்தார். தொடக்கத்தில் இவர்களே மேலானவர். சராசரி ஏறக்குறைய 87. சில ஆண்டுகளில் அது 60-க்கு இறங்கியிருந்தது. வேண்டுமென்று இவர்களை யாரும் தாழ்த்தவில்லை. வழக்கம்போல் வைத்திருந்தனர், அவ்வளவே.

1939-இல் இச்செய்தி அச்சில் வந்தபோது அறிஞருலகம் வரவேற்கவில்லை. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் டெர்மன் முதலியோர் எள்ளி நகைத்தனர். அவர்களுடைய ஆட்சேபங்களில் நியாயமும் ஒரு பகுதி உண்டு. முதன்முறை மிகக் குறைந்த எண் பெற்றவர் மறுமுறை சற்று உயர்வதும், மிகுந்த எண் பெற்றவர் சற்று இறங்குவதும் அளவையின் இயல்பு. சிசுக்களை அளக்கும் கோல் அத்துணை உறுதியானதன்று. 25 குழந்தைகள் என்பது சிறு தொகை. அவர்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கவுமில்லை. இவையெல்லாம் சரியே. ஆனால், பிறவி அறிவு மாறாது என்ற தம் கொள்கைக்கு இத்தகைய சோதனையை அவர்கள் ஒருபோதும் கேட்டதில்லை! யுத்தம் வந்தது. ஸ்கீல்ஸ் இராணுவத்திற்குப் போனார். பின்னர் வேறு உத்தியோகம். இருபதாண்டுக்கு மேல் அவ்வாராய்ச்சி புதைந்து கிடந்தது.

1960-களின் தொடக்கத்தில் அவர் அந்த 25 பேரையும் தேடப் புறப்பட்டார். பெயர் மாறியவர், ஊர் மாறியவர், தத்துப்போனவர், மணமானவர் ஆகிய அனைவருடைய கதியையும் கண்டறிந்து 1966-இல் வெளியிட்டார். கூடத்துப் பெண்கள் வளர்த்த பதின்மூவரும் சொந்தக் காலில் நின்றனர். ஒருவர்கூட எந்த விடுதியிலும் இல்லை. அவருள் நடுத்தரமானவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். பதினொருவருக்கு மணமாகியிருந்தது, அவர்களுடைய பிள்ளைகள் வயதிற்கேற்ற அறிவோடு பள்ளியில் படித்தனர். மற்றப் பன்னிருவரில் ஒருவர் விடுதியிலேயே இளமையில் மாண்டார். நால்வர் இன்னும் விடுதிகளில் அடைபட்டிருந்தனர். பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. வேலை செய்தோரும் தட்டுக் கழுவுதல் போன்ற வேலைகளில் இருந்தனர்.

அப்பன்னிருவரில் ஒருவர் மட்டும் தப்பினார். அவருடைய கதை எமக்கு எல்லாவற்றினும் வியப்பாயிருக்கிறது. அவருக்குச் செவிப்புலன் குறைவு. அதனால் செவிடர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள பிள்ளைகளில் இளையவர், சொந்தக்காரர் இல்லாதவர், ஆதலால் விடுதிப் பொறுப்பிலிருந்த பெண்மணி அவரிடம் தனி அன்பு வைத்தார். அவர் பெரியவராகி அச்சுக் கோக்கும் தொழிலாளியானார். மணம் செய்து பிள்ளைகளும் பெற்றார். நல்ல காதுகளோடிருந்த தோழர்களுக்குக் கிடைக்காத வாழ்வு, காது கேளாமையால் அவருக்குக் கிடைத்தது. 1968-இல் ஸ்கீல்ஸுக்கு ஒரு பெரும் விருது வழங்கப்பட்டபோது, அதனை அவர் கையில் கொடுத்தவர் அந்தப் பதின்மூவரில் ஒருவர். அதன்பின் இரண்டாண்டில் ஸ்கீல்ஸ் காலமானார்.

இவற்றின் விளைவாகச் சட்டங்களும் மாறின. 1965-இல் அமெரிக்க அரசாங்கம் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கு முந்திய பயிற்சித் திட்டத்தை ஏற்படுத்தியது. உடற்குறை அறிவுக்குறை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி உரிமை 1975-இலும், அவர்களில் சிசுக்களுக்குக் கூட உதவி செய்யும் ஏற்பாடு 1986-இலும் வந்தன. பிறக்கும்போது, வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறக்குறையக் கால்பங்கு எடையே உள்ள சிசுவின் மூளை, இரண்டாண்டில் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது என்னும் உடல்நூற் செய்தியைக் கொண்டு பார்த்தால், விக்டருக்குப் பன்னிரண்டில் வராதது டாவன்போர்ட் சிறுமிகளுக்கு இரண்டில் வந்த காரணம் ஒருவாறு விளங்கும்.

இங்கு நம் தோட்டத்துப் பழைய ஆயாக் கொட்டகைகளின் நினைவு வாராதிராது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டப் போன எம் பாட்டிமார் தம் சிசுக்களைக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். வரிசையாய்த் தூளிகள், வெட்டுக்காட்டு வேலைக்கு இனி ஆகாத ஒரு கிழவி ஆயா. துரைமார் அவளை வேலைக்கு ஆகாதவள் என்றுதான் கணக்கெழுதினர். ஆனால் அவளுக்குத் தாலாட்டுத் தெரியும். கை வீசும் விளையாட்டும் சாய்ந்தாடும் விளையாட்டும் தெரியும். பத்துத் தூளிக்கு அவள் ஒருத்தி என்றால் போதாது என்பது உண்மை. போதாதது அவளுடைய எண்ணிக்கையே. அவளுடைய வித்தை அன்று. தோட்டத்துக் கணக்கில் சிசுக்களுக்குரிய செலவு என்று பாலுக்கு ஒரு வரி எழுதினர். பேச்சுக்கும் விளையாட்டுக்கும் வரி கிடையாது.

பால் பெரிதா, விளையாட்டுப் பெரிதா என்ற இக்கேள்வியை நேராகச் சோதித்த நாடு ஜமெய்க்கா. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. அதன் தலைநகராகிய கிங்ஸ்டனில், 1986, 1987-ஆம் ஆண்டுகளில், ஸாலி கிராந்தம் மக்ரிகர் என்னும் வைத்தியரும் அவர் தோழரும், ஏழைக் குடியிருப்புகளில் 9 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ள, வளர்த்தி குன்றிய 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். ஸ்கீல்ஸின் மீது சொல்லப்பட்ட குறை தம்மீது வராதபடி, சீட்டுப் போடுவதுபோல் நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவிற்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. ஒரு பிரிவிற்கு வாரம் ஒருமணி நேரம் விளையாட்டு. ஒரு பிரிவிற்கு இரண்டும். ஒன்றிற்கு எதுவும் இல்லை. விளையாட்டுக் காட்டச் சென்றவர் வைத்தியரல்லர், ஆசிரியருமல்லர். சுகாதார இலாகாவின் சாதாரண ஊழியப் பெண்கள். அவர்கள் குழந்தையோடு விளையாடியது கொஞ்சம். தாயை விளையாட வைத்ததே மிகுதி. எதைக் கண்டாலும் பெயர் சொல்லு, குழந்தை ஓசை எழுப்பினால் பதில் சொல்லு, செய்ததைப் புகழ், அடியாதே என்பன அவர்கள் கற்பித்தவை. இரண்டாண்டோடு திட்டம் முடிந்தது.

குழந்தைகளுக்கு 22 வயதானபோது 105 பேரைத் தேடிக் கண்டனர். பால்மாவு மட்டும் பெற்றோரிடத்து அதன் பயன் அப்போது காணப்படவில்லை. விளையாட்டுப் பெற்றோர், பெறாதோரினும் ஏறக்குறைய நூற்றுக்கு 25 பங்கு அதிகமாகச் சம்பாதித்தனர். வளர்த்தி குன்றாத அண்டை வீட்டுப் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையே எட்டிவிட்டனர். 2014-இல் இக்கணக்கு வெளிவந்தது. சம்பளத்தை வைத்துத்தானா குழந்தை வளர்ப்பை அளப்பது என்று முகம் சுளிக்கும் அன்பர்களோடு எமக்கும் சிறிது உடன்பாடு உண்டு. ஆயினும், ஏட்டு எண்ணையே நம்பும் அதிகாரிகளுக்கு ஏட்டு எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பெண்கள் கொண்டுசென்ற விளையாட்டுப் பொருள்கள் கடையில் வாங்கியவை அல்ல. காலிப் புட்டி, அட்டைப்பெட்டி, துணித்துண்டு இவற்றைக் கொண்டு தாமே செய்தவை. ஒரு வாரம் ஒரு வீட்டில் விட்டுச் செல்வர். மறுவாரம் வந்து அதை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைப்பர். எடுத்தது அடுத்த வீட்டிற்குப் போகும்.